கடல் தண்ணீரும் வெயிலும் சேர்ந்தால் எரிபொருள் கிடைக்குமா?



இந்த மாதம் சுவர்ப் பத்திரிகையில் அறிவியல் பகுதி எழுதும் முறை எங்கள் வகுப்புக்கு வந்தது. என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவே தேவையில்லாமல் போயிற்று. ஏனென்றால் போன மாதம் அறிவியல் மன்றத்தில் எல்லோர் முன்னாலும் நான் ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்த வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. திருத்தப் போன இடத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சியே கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். மணி அடிக்கும் முன் முடியாவிட்டால் மீதியை நாளைக்குப் படியுங்கள்.

எப்படி ஆரம்பித்தது?

எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்ததும் மீனை விற்று, முதலில் டீசல் காசைத் தனியே எடுத்து வைப்பார். மிச்சம்தான் வீட்டுக்கு. சில நாள் மிச்சமே இருக்காது. "மீனைப் பிடிக்கிறது நானு, திங்கிறது எஞ்சினு" என்று அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாங்க.

வகுப்பில் டீச்சர் மின்னாற்பகுத்தல் பற்றிச் சொன்னாங்க. தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தினால் அது ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று இரண்டு வாயுக்களாகப் பிரியும். ஹைட்ரஜன் எரியும். எரிந்தால் மறுபடி தண்ணீர்தான் வரும். எனக்கு உடனே அப்பாவின் டீசல் கேன்தான் ஞாபகம் வந்தது. நம் ஊரில் தண்ணீருக்கா பஞ்சம்? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறும் கழிமுகமும். வெயிலும் வேண்டிய அளவு இருக்கிறது.

நான் செய்த சோதனை, நான் செய்த தப்பு

கடற்கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்தேன். இரண்டு பென்சிலை இரண்டு பக்கமும் சீவி, 9 வோல்ட் பேட்டரியில் ஒயரால் இணைத்து, டம்ளரில் இருந்த கடல் தண்ணீரில் முனைகளை நனைய வைத்தேன். ஒரு முனையில் சரசரவென்று குமிழி வந்தது. அது எதிர்மின்வாய், ஹைட்ரஜன். இன்னொரு முனையில் குமிழி குறைவாக வந்தது. புத்தகத்தில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு என்று இருக்கிறதே, அதனால் இது ஆக்சிஜன்தான் என்று நோட்டில் எழுதினேன். மன்றத்திலும் அப்படியே சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

டீச்சர் மட்டும் கை தட்டவில்லை. "வாசனை எதாவது வந்துதா?" என்று கேட்டாங்க. ஆமாம், வந்தது. அம்மாகூட, "அடுப்பங்கரையில யாரு பிளீச்சிங் பவுடர் கொட்டினது?" என்று கேட்டாங்க. ஆக்சிஜனுக்கு வாசனையே கிடையாது. அப்படியானால் வந்தது என்ன? குளோரின்! கடல் நீரில் கரைந்திருக்கும் உப்பில் உள்ள குளோரின்தான் வெளியே வந்திருக்கிறது. அது நச்சு வாயு. மூடிய அறையில் அதிகமாக மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல்.

எச்சரிக்கை: தோழர்களே, உப்புத் தண்ணீரில் இதை யாரும் வீட்டில் செய்யாதீர்கள். செய்து பார்க்க ஆசையாக இருந்தால், நல்ல தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கலந்து, திறந்த வெளியில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். குமிழிக்குப் பக்கத்தில் தீக்குச்சி கொண்டு போகவே கூடாது.

என் தப்பு அதோடு முடியவில்லை. நேர்மின்வாயாக இருந்த பென்சில் முனை கரைந்து, டம்ளரில் கரிப்பொடியாக மிதந்தது. இன்னொன்றும் இருக்கிறது. நான் பயன்படுத்தியது பேட்டரி. அதை வெயில் செய்யவில்லை, கடையில்தான் வாங்கினேன். ஆக, "வெயிலும் கடலும் எரிபொருள் தரும்" என்று நான் சொன்னதில் வெயிலும் இல்லை, சரியான வாயுவும் இல்லை, மின்வாயும் மிஞ்சவில்லை. ஆனால் இந்த மூன்று குறையும்தான் உலகம் முழுக்க இருக்கிற ஆராய்ச்சியாளர்களின் மூன்று பிரச்சினைகளும் என்று டீச்சர் சொன்னதும் எனக்கு வெட்கம் போய் ஆர்வம் வந்துவிட்டது.

பேட்டரி இல்லாமல் குமிழி: ஒரு மாணவரின் கதை

1967-ஆம் ஆண்டு. ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகம். அகிரா ஃபுஜிஷிமா என்பவர் அங்கே ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் கெனிச்சி ஹோண்டா. ஃபுஜிஷிமா டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொருளின் படிகத்தைத் தண்ணீரில் வைத்து அதன் மேல் பலமான விளக்கு வெளிச்சத்தைப் பாய்ச்சினார். படிகத்திலிருந்து குமிழி வந்தது. ஒயரால் இணைத்திருந்த பிளாட்டினத் தகட்டிலும் குமிழி வந்தது. விளக்கை அணைத்தால் குமிழி நின்றது. போட்டால் மறுபடி வந்தது. படிகத்தில் வந்தது ஆக்சிஜன், தகட்டில் வந்தது ஹைட்ரஜன்.

வெளிச்சம் தண்ணீரைப் பிளக்கிறது! இலைகள் பல கோடி ஆண்டுகளாகச் செய்யும் வேலையின் முதல் பாதி இது. ஆனால் அப்போது பலர் இதை நம்பவில்லையாம். 1972-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே, 1973-இல், உலகம் முழுக்கப் பெட்ரோல் விலை ஏறியது. அதன் பிறகு எல்லோரும் இந்தக் குமிழிகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டைட்டானியம் டை ஆக்சைடு ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைக்காதீர்கள். வெள்ளைப் பெயிண்ட்டில் வெள்ளை நிறம் தருவதே அதுதான். நம் பள்ளிச் சுவரில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

1912-ஆம் ஆண்டிலேயே கியாகோமோ சியாமிசியன் என்ற இத்தாலிய வேதியியல் அறிஞர், நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். நிலக்கரி ஒரு நாள் தீர்ந்து போகும், வறண்ட நிலங்களில் கண்ணாடிக் குழாய்களை வைத்து, செடிகள் செய்யும் ரகசிய வேலையை மனிதனும் செய்யப் போகிறான் என்று அவர் கனவு கண்டார்.

நண்டும் வளையும்

வெளிச்சம் எப்படித் தண்ணீரைப் பிளக்கும்? இதுதான் எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆன இடம். பொன்னேரி அரசுக் கல்லூரியில் வேதியியல் படிக்கும் எங்கள் பெரியப்பா மகள் அக்காவிடம் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அக்கா என்னைக் கடற்கரைக்கே கூட்டிப் போய்க் காட்டினாங்க.

கடற்கரை மணலில் நண்டு வளை பார்த்திருப்பீர்கள். நண்டு உள்ளே இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. காலால் ஒரு தட்டுத் தட்டினால் நண்டு வெளியே ஓடும். இப்போது மணலில் இரண்டு விஷயம் இருக்கிறது: ஓடும் நண்டு ஒன்று, காலியான வளை ஒன்று.

டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற பொருள்களுக்குக் குறைக்கடத்தி என்று பெயர். அதில் ஒளி விழுவதுதான் அந்தத் தட்டு. எலக்ட்ரான்தான் நண்டு. அது விட்டுப்போன காலியிடம்தான் வளை. அதைத் துளை என்பார்கள். எலக்ட்ரான் மேற்பரப்புக்குப் போய்த் தண்ணீரைத் தொட்டால் ஹைட்ரஜன் உண்டாகும். துளை மேற்பரப்புக்குப் போய்த் தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கினால் ஆக்சிஜன் உண்டாகும்.

ஆனால் நண்டுக்குத் தன் வளைதானே பிடிக்கும்? கொஞ்ச தூரம் ஓடிவிட்டு மறுபடி உள்ளே விழுந்துவிடும். எலக்ட்ரானும் அப்படியே. தண்ணீரை எட்டும் முன் துளையோடு சேர்ந்துவிட்டால், வாங்கிய வெளிச்சமெல்லாம் வெறும் சூடாகப் போய்விடும். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தால் நண்டு தப்பிக்கும். தூரத்தில் இருந்தால் தப்பிக்காது. இந்த ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நானோ என்ற சொல் இங்கேதான் வருகிறது.

நானோ எதற்கு?

ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 80,000 நானோமீட்டர் முதல் 1,00,000 நானோமீட்டர் வரை இருக்கும்.

இரும்புத் துருவை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியிலிருந்து சைக்கிள் வரை எல்லாம் துருப்பிடிக்கும். அந்தத் துருவில் இருக்கும் இரும்பு ஆக்சைடும் ஒரு குறைக்கடத்திதான், வெளிச்சத்தையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்குள் பிறக்கும் துளை 2 முதல் 4 நானோமீட்டர் தூரம் நகர்வதற்குள் செத்துப்போகும். கனமான துருக்கட்டியில் நடுவில் பிறந்த துளை எப்படி வெளியே வரும்? வராது. அதனால்தான் மெல்லிய கம்பிகளாகவும் குச்சிகளாகவும் பொடிகளாகவும் நானோ அளவில் செய்கிறார்கள். எங்கே பிறந்தாலும் கரை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது நன்மை மேற்பரப்பு. கல் உப்பைவிடத் தூள் உப்பு குழம்பில் சீக்கிரம் கரைகிறது அல்லவா? அதே காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதாவது ஒரு தபால் தலை அளவு. அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர்! கணக்கு சாரிடம் காட்டினேன். "சரிதான், ஆனா வெட்டற கத்தி எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். (கத்தியால் வெட்டுவதில்லை. வேதிவினை மூலம் சின்னச் சின்னதாகவே வளர்க்கிறார்கள்.)

மூன்று முட்டுக்கட்டைகள்

ஒன்று, நிறம். டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளை. வெள்ளை என்றாலே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை எல்லாம் திருப்பி அனுப்பிவிடுகிறது என்று அர்த்தம். அது பிடிப்பது புற ஊதாக் கதிரை மட்டும். சூரிய ஆற்றலில் அது 100-க்கு 5 பங்கு அளவுதான். அதனால் நிறமுள்ள பொடிகளைத் தேடுகிறார்கள். பிஸ்மத் வனடேட் மஞ்சள் நிறம், துரு செம்மண் நிறம். வயலுக்குப் போடும் யூரியாவை ஆய்வகத்தில் மிக அதிக வெப்பத்தில் சூடாக்கினால்கூட, கார்பன் நைட்ரைடு என்ற மஞ்சள் பொடி கிடைக்கிறது. அதுவும் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் தருகிறது.

இரண்டு, வினையூக்கி. எலக்ட்ரான் மேற்பரப்புக்கு வந்தால் மட்டும் போதாது, ஹைட்ரஜன் சட்டென்று உண்டாக ஒரு மேடை வேண்டும். நல்ல மேடை பிளாட்டினம். நம்மால் அதை நகைக் கடையில் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அதனால் நிக்கல், இரும்பு, கோபால்ட், மாலிப்டினம் போன்ற மலிவான உலோகங்களால் அந்த வேலையைச் செய்ய முயல்கிறார்கள்.

மூன்று, ஆயுள். வெயிலிலும் தண்ணீரிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தும் கெடக் கூடாது. நல்ல வெளிச்சம் பிடிக்கும் பல பொருள்கள் தண்ணீர் பட்டதும் அரித்துப்போகின்றன. என் பென்சிலுக்கு ஆனதுதான் அவற்றுக்கும். கடல் நீர் என்றால் குளோரின் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

நம் பக்கத்தில் நடக்கும் ஆராய்ச்சி

இதெல்லாம் வெளிநாட்டில்தான் என்று நினைத்தேன். இல்லை. நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போய், கிண்டி வரை போனால் போதும். அங்கே இருக்கிற சென்னை ஐ.ஐ.டி.யில் இந்த ஆராய்ச்சி நடக்கிறது.

2020-இல் அங்கே பேராசிரியர் அரவிந்த் குமார் சந்திரன் குழுவினர் சீசியம், பிளாட்டினம், அயோடின் மூன்றும் சேர்ந்த ஒரு படிகத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வகைப் படிகங்களுக்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். பொதுவாக அவை ஈரம் பட்டாலே கெட்டுவிடும். இது காற்று, ஈரம், கடுமையான அமிலம், கடுமையான காரம் எல்லாவற்றையும் தாங்கியது. மூன்றாவது முட்டுக்கட்டைக்கு ஒரு பதில் இது.

2023-இல் அதே நிறுவனத்தின் இயற்பியல் துறையில் பேராசிரியர் ராமபிரபு குழுவினர் செய்ததைப் படித்தபோது நான் துள்ளிக் குதித்தேன். அவர்கள் எடுத்துக்கொண்டது கடல் நீர்! காரம் சேர்த்த கடல் நீரைப் பிளக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். மின்வாய் அரிக்காமல் இருக்கக் கார்பனால் ஆன தாங்கு பொருள் வைத்தார்கள். அதன் மேல் மலிவான உலோகங்கள் சேர்ந்த வினையூக்கி. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்துவிடாமல் இருக்க நடுவில் செல்லுலோஸ் தடுப்பு. செல்லுலோஸ் என்றால் பஞ்சிலும் காகிதத்திலும் இருப்பதுதான். மின்சாரத்தைச் சூரியத் தகட்டிலிருந்து நேராக எடுத்தார்கள்.

என் டம்ளரில் தப்பாகப் போன ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பதில் இருக்கிறது. குளோரின் வரக் கூடாது என்று காரம், மின்வாய் கரையக் கூடாது என்று கார்பன் தாங்கு பொருள், பேட்டரி வேண்டாம் என்று வெயில். நான் ஒரு சாயந்திரத்தில் கைவிட்டதை அவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து சரி செய்திருக்கிறார்கள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே உருவாகி, 1953-இல் திறக்கப்பட்டது. மின்சாரமும் வேதிவினையும் சந்திக்கும் எல்லாவற்றையும் அங்கே ஆராய்கிறார்கள்.

நம் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நம் காட்டுப்பள்ளியில்தான் 2010-இல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறதே! நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் அளவுக்குக் கட்டியது. முதலில் உப்பை எடுத்துவிட்டு, பிறகு நல்ல தண்ணீரைப் பிளந்தால் குளோரின் தொல்லையே இல்லையே? ஏன் கடல் நீரோடு மல்லுக்கட்ட வேண்டும்?

கணக்கு சாரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் வேண்டும். 1,000 லிட்டர் கடல் நீரை நன்னீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். அப்படியானால் 9 லிட்டருக்கு ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குதான். ஆனால் அந்தத் தண்ணீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க இன்றைய கருவிகளுக்கு ஏறக்குறைய 50 யூனிட் ஆகும். 50 யூனிட்டுக்கு முன் இது எம்மாத்திரம்? ஆக, என் சந்தேகம் நியாயமானதுதான். ஆராய்ச்சியாளர்களிலேயே பலர் இப்படித்தான் கேட்கிறார்களாம். நேரடியாகக் கடல் நீரைப் பயன்படுத்த முடிந்தால், இது மாதிரி பெரிய ஆலை இல்லாத கரைகளிலும் சின்னக் கருவி வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றவர்கள் பதில். எது வெல்லும் என்பது ஆய்வகத்தில்தான் தெரியும்.

அப்பா கேட்ட கேள்வி

இவ்வளவையும் ஒரு நாள் ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி பாப்பா, எம் போட் ஓடுமா?" என்றார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் கணக்குப் போட்டேன்.

நம் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாளைக்கு விழும் வெயிலின் ஆற்றல் சுமார் 5 யூனிட். ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றல் 33 யூனிட். அது சுமார் 3 லிட்டர் டீசலுக்குச் சமம்.

2021-இல் ஜப்பானில் கசுநாரி டோமன் என்ற பேராசிரியரின் குழு ஒளி வினையூக்கிப் பொடி பூசிய தகடுகளை 100 சதுர மீட்டர் பரப்பில் வெயிலில் வைத்து, மாதக்கணக்கில் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியது. மிகப் பெரிய சாதனை. ஆனால் அது வெயிலில் 0.76 சதவீதத்தைத்தான் அதிகபட்சமாக ஹைட்ரஜனாக மாற்றியது. (செடிகளைக் கேலி செய்யாதீர்கள். பெரும்பாலான பயிர்களும் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் வெயிலைச் சேமிக்கின்றன.)

ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் ஒரு கிலோ ஹைட்ரஜன் கிடைக்க 660 சதுர மீட்டர் தகடு வேண்டும். நம் வகுப்பறை 36 சதுர மீட்டர். அப்படியானால் 18 வகுப்பறைக் கூரை! அதில் கிடைப்பது அப்பாவின் 3 லிட்டர் டீசல். அது ஒரு தடவை கடலுக்குப் போய் வரவே போதாது.

இதுவே 10 சதவீதமானால் 66 சதுர மீட்டர். இரண்டு வகுப்பறைக் கூரை போதும். இந்தப் 18 வகுப்பறையை 2 வகுப்பறையாக்கும் வேலையைத்தான் நானோ பொருள் ஆராய்ச்சி மாணவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"சாதாரண சூரியத் தகடு வைத்து, அந்தக் கரண்ட்டில் தண்ணீரைப் பிளந்தால்?" என்று எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. இன்றைக்கே அதற்கு 50 சதுர மீட்டர் போதும். ஆனால் தகடு தனி, பிளக்கும் கருவி தனி, இரண்டும் விலை அதிகம். வெறும் பொடியைப் பூசி வெயிலில் வைத்தால் போதும் என்ற நிலை வந்தால் ரொம்ப மலிவாகும். அதனால்தான் இரண்டு வழியிலும் ஆராய்ச்சி நடக்கிறது. இந்திய அரசு 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது அதன் இலக்கு.

எனவே அப்பாவுக்கு என் பதில்: "இன்னைக்கு ஓடாதுப்பா." தப்பான நம்பிக்கை கொடுத்து ஒருமுறை கைத்தட்டல் வாங்கியது போதும்.

டாக்டர் என்றால் ஊசி போடுபவர் மட்டுமா?

இந்த ஆராய்ச்சியைச் செய்கிறவர்களுக்கும் டாக்டர் பட்டம் கிடைக்கும். முனைவர் என்று சொல்வார்கள். பிளஸ் டூ அறிவியல் பிரிவு, பிறகு பி.எஸ்சி. வேதியியல் அல்லது இயற்பியல் மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, பிறகு ஒரு தேசியத் தகுதித் தேர்வு, அதன் பின் ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆராய்ச்சி.

"அவ்ளோ வருஷமா? யாரு படிக்க வைக்கிறது?" என்று எங்கள் வீட்டில் கேட்டாங்க. உங்கள் வீட்டிலும் கேட்பாங்க, முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தகுதித் தேர்வில் உதவித்தொகையோடு தேறியவர்களுக்கு ஆராய்ச்சி செய்யும்போதே மாதாமாதம் பணம் உண்டு. 2023-இல் அதை முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாயாகவும், பிறகு 42,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். அதற்கு முன் கல்லூரிப் படிப்புக்கு, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

இதைச் சொன்னதும் அப்பா கையில் இருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு, "படிக்கிறதுக்குச் சம்பளமா?" என்று இரண்டு தடவை கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பத்தாவது முடிந்ததும் கம்பெனி வேலைக்குச் சேர்ப்பது பற்றி அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தவங்க, அந்தப் பேச்சை இப்போதைக்கு விட்டிருக்காங்க.

ஃபுஜிஷிமா குமிழியைப் பார்த்தபோது அவரும் ஒரு மாணவர்தான். நம் கடல் நம்மிடம்தான் இருக்கிறது. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்களில் யாராவது ஒருவர் அந்த 18 வகுப்பறையைக் குறைத்தால் எங்கள் அப்பாவிடம் முதலில் வந்து சொல்லுங்கள். நானே குறைத்தால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் எந்த மின்வாயில் அதிகக் குமிழி வரும்? ஏன்?
2. கறுப்பு நிறப் பொடி எல்லா வெளிச்சத்தையும் பிடிக்கும். அது மட்டும் போதுமா? (குறிப்பு: நண்டை நினையுங்கள்.)
3. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே குழாயில் கலந்து வந்தால் என்ன ஆபத்து?
4. வெயிலை 5 சதவீதம் ஹைட்ரஜனாக மாற்றினால், ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு எத்தனை சதுர மீட்டர் வேண்டும்?

விடைகளைத் தாளில் எழுதி அறிவியல் டீச்சரிடம் கொடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில் வரும். நான் எழுதியதில் தப்பு இருந்தால் அதையும் தயவு செய்து சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
காட்டுப்பள்ளி.